எஸ்ரா நலமாக இருக்கிறார்

லின்வுட் டென்னார்ட் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பிழைப்புக்காகச் செத்துக்கொண்டிருந்தார். பேய்ப்படம் என்று ஒன்று எடுத்தால் அதில் ஒரு கறுப்பர் இருக்க வேண்டும், அவர் முதலில் சாக வேண்டும், அப்போதுதான் மற்றவர்களுக்கு விஷயம் விபரீதமாகிவிட்டது என்று புரியும். இது ஹாலிவுட்டில் யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. அந்த ஒரு கறுப்பர் பல படங்களில் லின்வுட்டாக இருந்தார். பெட்ரோல் பங்க் ஊழியராக நின்றுகொண்டு கோடாரியால் செத்தார். இரவுக் காவலாளியாக டார்ச் அடித்து, "யாரது அங்க?" என்று கேட்டுச் செத்தார். கதாநாயகனின் கல்லூரி நண்பனாக ஒரு ஜோக்கைப் பாதி சொல்லிச் செத்தார். முடி நரைத்த பிறகு போலீஸ்காரர் வேஷம் வந்தது. கடைசியில் காப்பாற்ற வருவார், காரின் கதவைத் திறப்பார், செத்துப்போவார்.

அவர் மனைவி அர்னெட்டா தபால் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அவர் படம் எதையும் அவள் தவறவிட்டதில்லை. ஆனால் அவர் தனியாக ஓர் இருட்டு அறைக்குள் போகிறார் என்றால் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விடுவாள். திரும்பி வரும்போது திரையில் அவர் இருக்கமாட்டார். இங்கிள்வுட்டில் இருந்த அவர்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சவ அடக்கம் செய்கிறவர் வீட்டில் தொழில் பேசாமல் இருப்பதுபோல இருந்தார்கள்.

இந்த நிலையில் கிராண்ட் லாரல் ஸ்டுடியோவுக்குத் திடீரென்று வெட்கம் வந்தது. பத்திரிகைகளில் நாலைந்து கட்டுரைகள் வந்திருந்தன. கறுப்பர்களைக் கொன்று கொன்றே அந்த ஸ்டுடியோ கட்டடம் கட்டியது என்று ஒருவர் எழுதியிருந்தார். வெட்கம் வந்தவுடன் ஒரு குழு அமைத்தார்கள். அதற்குக் கண்ணியமான உயிர்பிழைப்புக் குழு என்று பெயர் வைத்தார்கள். குழுவின் தலைவராகப் பைரன் ஸ்டாக்டன் என்பவர் நியமிக்கப்பட்டார். அதுவரை அவர் ஸ்டுடியோவின் வாகன நிறுத்துமிடங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். கண்ணியத் துறையின் துணைத் தலைவர் என்று அவருக்குப் பதவியும் கொடுத்தார்கள்.

ஸ்டாக்டன் லின்வுட்டை அழைத்து எதிரே உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்டர் டென்னார்ட், நூறு வருஷமா நாங்க உங்களக் கொன்னுட்டிருக்கோம். அதுக்காக வருத்தப்படறேன். நாங்கன்னா, எனக்கு முன்னாடி இருந்தவங்க. உங்களன்னா..." அவர் எதிரே இருந்த கோப்பைப் பார்த்தார். "உங்களையேதான். நிறையவே கொன்னிருக்கோம்."

"பரவாயில்லீங்க. சம்பளம் ஒழுங்கா குடுத்தீங்க."

"இனிமே அது நடக்காது. அடுத்த படத்துல நீங்க சாகமாட்டீங்க. பேயே செத்தாலும் நீங்க சாகமாட்டீங்க."

அந்தப் படத்தின் பெயர் 'மூன்றாம் மாடி.' எழுதியவள் டெனீஸ் பெட்டிவே என்ற பெண். ஜார்ஜியாவின் மேக்கன் ஊர்க்காரி, முப்பது தாண்டியவள், லின்வுட்டின் நிறம்தான். அவள் அப்பா பியானோ சுருதி கூட்டுகிறவர். அவரை வைத்து எஸ்ரா என்ற பாத்திரத்தை எழுதியிருந்தாள். எஸ்ரா ஒரு பழைய மாளிகைக்குப் பியானோ சரிபார்க்கப் போகிறார். மூன்றாம் மாடியில் என்னவோ இருக்கிறது. எஸ்ரா பயப்படுகிறார், ஓடுகிறார், அந்த வீட்டுப் பெண்குழந்தை மாட்டிக்கொண்டது தெரிந்து திரும்பி வருகிறார், கடைசியில் அந்தப் பேயின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார். பேச்சு மட்டும் இரண்டு பக்கம்.

"மிஸ்டர் லின், சின்னப் பிள்ளையில நீங்க சாகறதப் பாத்து நான் அழுதிருக்கேன்," என்றாள் டெனீஸ். "எங்க அம்மா டிவிய அணைச்சிட்டு, அந்த ஆளு நல்லாத்தான் இருக்காரு, வேற சேனல்ல வேலை பாக்கறாருன்னு சொல்லுவாங்க."

"வாஸ்தவந்தானம்மா. வேற சேனல்ல செத்துட்டிருப்பேன்."

அன்றைக்கு வீட்டில் கெளுத்தி மீன் வறுவல். லின்வுட் சாப்பிடாமல் அந்த இரண்டு பக்கத்தையும் சமையலறையில் நின்றுகொண்டே படித்தார்.

"கடைசி வரைக்கும் இருப்பியா?" என்று அர்னெட்டா கேட்டாள்.

"கடைசி வரைக்கும்."

"கடைசியில என்ன பண்ணுவ?"

"தெரியல. இருந்து பழக்கமில்லயே."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவர் தோள் மேலாக எட்டிப் பார்த்து இரண்டு பக்கத்தையும் தானும் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்று, தன் புருஷன் இந்தத் தடவை உயிரோடு இருக்கப்போவதாகச் சொன்னாள். சபையார் ஆமென் சொன்னார்கள்.

குழு தன் முதல் கூட்டத்தைக் கூட்டியது. ஸ்டாக்டனுக்கு வலப்பக்கம் சட்ட ஆலோசகர் திருமதி கில்க்ரிஸ்ட், இடப்பக்கம் பேராசிரியர் ஹோலப். இந்தப் பேராசிரியர் பேய்ப்படங்களில் கறுப்பர்களின் வரலாறு பற்றித் தடிமனான புத்தகம் எழுதியவர். எழுத்தாளர் என்ற முறையில் டெனீசுக்கும், உயிர்பிழைக்கப் போகிறவர் என்ற முறையில் லின்வுட்டுக்கும் மேஜையின் கடைசியில் இடம் கொடுத்திருந்தார்கள்.

"பதினெட்டாவது பக்கம்," என்று பேராசிரியர் ஆரம்பித்தார். "எஸ்ரா படிக்கட்டுல பேயப் பாத்துப் பயப்படறார். இது ரொம்ப ஆபத்து. முப்பது நாப்பதுகள்ல எடுத்த படங்கள நினைச்சுப் பாருங்க. கறுப்பு வேலைக்காரன் பேயப் பார்ப்பான். கண்ண இப்படி உருட்டுவான்." பேராசிரியர் எழுந்து கண்ணை உருட்டிக் காட்டினார். "முட்டி இப்படி நடுங்கும். பல்லு இப்படிக் கிட்டிக்கும். 'ஐயோ எசமான்! ஏ காலே, இங்கேயிருந்து கெளம்பு'ன்னு தன் காலோடயே பேசுவான்." முட்டியை நடுங்கவைத்து, பல்லைக் கிட்டவைத்து, அறையின் மறுமுனை வரை ஓடித் திரும்பினார். அவருக்கு அது மிக இயல்பாக வந்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, "அருவருப்பான காலம்," என்றார்.

"பேயப் பாத்தா எல்லாருந்தான சார் பயப்படுவாங்க?" என்று கேட்டார் லின்வுட்.

"மத்தவங்க பயப்படலாம். அவங்களுக்கு வரலாறு கிடையாது."

எஸ்ரா பயப்படக்கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது.

முதல் நாள் படப்பிடிப்பில் படிக்கட்டுக் காட்சி. கம்பியில் தொங்கவிட்ட ஒரு மெலிந்த பெண், கண்ணிலிருந்து ரத்தம் வடிய, மேலிருந்து இறங்கி லின்வுட்டின் மூக்குக்கு நேராக வந்து அலறினாள். லின்வுட் அவளைப் பார்த்தார்.

"கட்," என்றார் இயக்குநர், தொப்பியைத் திருப்பிப் போட்ட இளைஞர். "மிஸ்டர் டென்னார்ட், பஸ் லேட்டா வந்தா பாப்பாங்களே, அப்படிப் பாக்கறீங்க."

"அருமையா இருக்கு," என்றார் பின்னாலிருந்து ஸ்டாக்டன். "கண்ணியமா இருக்கு."

பேய்ப்பெண் கம்பியில் ஆடியபடியே, "சார், நான் சரியாப் பண்ணலையா?" என்று லின்வுட்டைக் கேட்டாள். அவள் முகம் வாடிவிட்டது.

"நீ நல்லாத்தான் பண்றம்மா. எனக்குத்தான் பயப்பட அனுமதி இல்ல."

எடுத்ததைக் குழு போட்டுப் பார்த்தது. பேராசிரியருக்குத் திருப்தியில்லை. பேயைப் பார்த்தும் ஒரு கறுப்பர் பயப்படவில்லை என்றால் அவருக்குப் பேயைப் பற்றி முன்பே ஏதோ தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள் என்றார். தீவுகளில் உடுக்கடித்துப் பிணத்தை எழுப்புகிற மந்திரவாதிகள் வந்த படங்கள் எத்தனை. அவர்கள் ஓய்ந்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே, 'தம்பி, அந்த வீட்டுக்குள்ள போகாதீங்க' என்று எச்சரித்துவிட்டுச் செத்துப்போன ஞானக் கிழவர்கள் எத்தனை. எஸ்ராவும் அந்த வழியில் போய்விடக்கூடாது. ஆகவே அவருக்குப் பேயைப் பற்றி எதுவும் தெரியக்கூடாது. பேய்க்கும் அவரைப் பற்றித் தெரியாமல் இருப்பது நல்லது.

"அப்ப அவங்க ரெண்டு பேரும் ஒரே படத்துல எதுக்கு இருக்காங்க?" என்றாள் டெனீஸ்.

"நல்ல கேள்வி," என்று ஸ்டாக்டன் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பெண்குழந்தையைக் காப்பாற்றும் காட்சி போயிற்று. வெள்ளைக்காரக் குழந்தைக்காக ஒரு கறுப்பர் உயிரைப் பணயம் வைப்பது தியாக பிம்பம் என்றார் பேராசிரியர். சரி, காப்பாற்றாமல் விட்டுவிடலாமா என்று இயக்குநர் கேட்டார். குழந்தை அலறும்போது ஒரு கறுப்பர் சும்மா இருப்பது இன்னும் மோசமான பிம்பம். நீண்ட யோசனைக்குப் பிறகு, குழந்தை அலறும்போது எஸ்ரா வீட்டுக்குள்ளேயே இல்லாமல் இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை என்று முடிவாயிற்று. பியானோவைச் சரிபார்க்க ஒரு வெள்ளைக்காரப் பையனை உதவியாளனாக உள்ளே அனுப்பினார்கள். எஸ்ரா வாசலில் வேனில் காத்திருப்பார்.

டெனீஸ் அன்றைக்குத் தன் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். வாகன நிறுத்துமிடத்தில் லின்வுட் அவளை எட்டிப் பிடித்தார்.

"அந்த ரெண்டு பக்கம் இருக்குல்லம்மா? நாற்காலி போட்டுப் பேசறது?"

"இருக்கு, மிஸ்டர் லின். அந்தப் பியானோக்காரப் பையன் பேசறான்."

லின்வுட் அவளுக்குக் கார் கதவைத் திறந்துவிட்டார். பிறகு, "நல்ல பையன்தான்," என்றார்.

வேன் காட்சியைப் பாசடீனாவில் ஒரு பணக்காரத் தெருவில் எடுத்தார்கள். காமிரா எதிர்வீட்டு மரத்தடியில் இருந்தது. லின்வுட் வேனில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க வேண்டும், அவ்வளவுதான். படித்துக்கொண்டிருந்தார். தெருக்காரர் யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்துப் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். இரண்டு கார்கள் வந்தன. இறங்கியவர்கள் துப்பாக்கி உறையில் கை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நெருங்கினார்கள். லின்வுட் செய்தித்தாளை மெதுவாக மடியில் விட்டார். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். அந்தக் காட்சிக்கு அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

ஸ்டாக்டன் ஓடி வந்தார். "ஐயா, இவரு சந்தேகப்படற ஆளு இல்ல. இவரு ஒரு கண்ணியமான பிம்பம்."

"வேன் யாரோடது?" என்றார் போலீஸ்காரர்.

எல்லாம் சரியாகி அவர்கள் போனபின் லின்வுட் வேனிலிருந்து இறங்க முயன்றார். கால் உடனே வரவில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்தார். காமிரா இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் படத்துக்காக இதுவரை எடுத்ததிலேயே பயங்கரமான காட்சி இதுதான், இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர். குழு பார்த்துவிட்டு, நம்பும்படியாக இல்லை என்று வெட்டிவிட்டது. வேனும் அதோடு போயிற்று.

பிறகு எஸ்ரா தொலைபேசியில் பேசுவதாக வைத்தார்கள். உடம்பே இல்லாமல் குரல் மட்டும் இருப்பது மறுபடியும் அமானுஷ்யத்தில் கொண்டுபோய் விடும் என்று பேராசிரியர் பயந்தார். அவர் மட்டும் பயப்படலாம். அதன்பின் பியானோ மேல் எஸ்ராவின் புகைப்படத்தை வைக்கலாம் என்று ஆயிற்று. லின்வுட் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு அதிகம், பழைய வேலைக்காரச் சிரிப்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். சிரிக்காமல் நின்றார். மிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கவாட்டில் நிற்கவைத்து எடுத்தார்கள். பக்கவாட்டில் எடுத்த படம் போலீஸ் ஸ்டேஷன் சுவரில் இருப்பது மாதிரி இருக்கிறது என்று திருமதி கில்க்ரிஸ்ட்டே சொன்னார்.

லின்வுட்டின் சம்பளத்தில் ஒரு குறையும் இல்லை. தினமும் கார் அனுப்பினார்கள். ஒப்பனை அறையின் கதவில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்ப்பார். முகத்தை எப்படி வைத்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று பார்ப்பார். வீட்டில் அர்னெட்டா ஒரு நாள் தொலைக்காட்சியில் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தபோது இவர் சும்மா இருந்தார். "உனக்கு என்ன ஆச்சு, லின்?" என்றாள். "ஒண்ணும் ஆகலயே," என்றார். அவர் சொன்னது உண்மை. ஒன்றும் ஆகவில்லை.

படம் வெளியாகும் மாலையில் சர்ச் வேனில் இருபது பேர் வந்திறங்கினார்கள். பெண்கள் ஈஸ்டருக்குப் போடுகிற தொப்பிகளோடு வந்திருந்தார்கள். தியேட்டர் வாசலில் லின்வுட்டின் முகம் இரண்டு மாடி உயரத்துக்கு இருந்தது. கீழே, 'இந்த முறை அவர் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதியிருந்தது.

அர்னெட்டா பாப்கார்னை முன்கூட்டியே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் ஓடியது. மாளிகை வந்தது, பியானோ வந்தது, பேய் வந்தது, குழந்தை அலறியது, பியானோக்காரப் பையன் நாற்காலி போட்டு இரண்டு பக்கமும் பேசினான். ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, எரிந்துபோன மாளிகையின் முன்னால் போர்வை போர்த்திக்கொண்டு நின்ற குழந்தையின் அம்மா பையனைக் கேட்டாள்: "எஸ்ரா எப்படி இருக்கார்?"

"எஸ்ரா நல்லா இருக்கார்," என்றான் பையன்.

படம் முடிந்தது.

சர்ச் வரிசையில் எல்லோரும் பெயர்கள் ஓடி முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர்தான் முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லா இருக்காராம், அதானே முக்கியம்," என்றார்.

விளக்குகள் வந்தன. ஸ்டாக்டன் மேடையேறினார்.

"இன்னிக்கு ஒரு வரலாற்று நாள்," என்றார். "எங்க ஸ்டுடியோவோட படத்துல கறுப்பினப் பாத்திரங்கள்ல நூத்துக்கு நூறு பேர் உயிர் பிழைச்சிருக்காங்க. அந்த ஒருத்தருக்கு ஒரு கீறல் கூட இல்ல. ஒரு பேய் அவரப் பாக்கல. ஒரு சன்னல் காத்து கூட அவர் மேல படல. இதுக்கு மேல ஒரு மனுஷனப் பாதுகாக்க முடியாது. இது எங்களுக்குச் சுலபமா வரல. ஒவ்வொரு காட்சியா, ஒவ்வொரு காட்சியா, எங்க கையாலயே அவர வெளியே தூக்கிக் காப்பாத்தியிருக்கோம்." அவர் கண் கலங்கியது. லின்வுட்டை மேடைக்கு அழைத்துக் கண்ணாடியாலான ஒரு விருதைக் கொடுத்தார். அதில் 'உயிர்பிழைத்தவருக்கு' என்று செதுக்கியிருந்தது. லின்வுட் மைக்கின் அருகே போனார். அவர் பேசவேண்டும் என்று யாரும் நினைக்காததால் மைக்கை அதற்குள் அணைத்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அர்னெட்டா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி சொன்னாள்: "நீ சாகற படத்துலயாவது நாலு நிமிஷம் உன்னப் பார்ப்பேன், லின்."

ஒரு மாதம் கழித்து டெனீஸ் மேக்கனிலிருந்து கூப்பிட்டாள். சொந்தமாக ஒரு சின்னப் படம் எடுக்கப்போகிறாள். பணம் பெரிதாக இல்லை, அவள் சித்தி வீட்டிலேயே படப்பிடிப்பு. சாலமன் என்று ஒரு கிழவர், அவர் வீட்டை இடித்து நெடுஞ்சாலை போட வருகிறார்கள், அவர் மறுக்கிறார்.

"சாகறேனா?" என்றார் லின்வுட்.

"சாகறீங்க, மிஸ்டர் லின். மன்னிச்சுக்குங்க. ஆனா கடைசியிலதான். சாகறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பேசுவீங்க, சண்டை போடுவீங்க, பயப்படுவீங்க, பைபிளத் தூக்கி எறிவீங்க, அழுவீங்க."

"வரேன்," என்றார்.

போக முடியவில்லை. ஸ்டுடியோவோடு அவர் போட்டிருந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருப்பதாகத் திருமதி கில்க்ரிஸ்ட் தெரிவித்தார். அவர் ஏழு வருஷத்துக்கு வேறெந்தப் படத்திலும் சாகக்கூடாது. அனுமதி வேண்டுமென்றால் குழுவின் முன் வந்து மனு கொடுக்கலாம். லின்வுட் கோட்டு போட்டுக்கொண்டு போய் மேஜையின் கடைசியில் உட்கார்ந்தார்.

"ஐயா, நான் சாகறதுக்கு அனுமதி கேட்டு வந்திருக்கேன்."

"மிஸ்டர் டென்னார்ட்," என்றார் ஸ்டாக்டன் வேதனையோடு, "நாங்க இவ்வளவு கஷ்டப்பட்டு உங்களக் காப்பாத்தினதுக்கு அப்புறமா?"

"நன்றியோடதான் கேக்கறேன். அந்தப் பாத்திரம் நல்ல பாத்திரம்."

"இதுதான் நூறு வருஷ அடிமைத்தனத்தோட விளைவு," என்று பேராசிரியர் மற்றவர்களுக்கு விளக்கினார். "சாவையே வேலைன்னு நினைக்கப் பழகிட்டார். அவர் கேக்கறார்ங்கறதுக்காக நாம குடுத்துடக்கூடாது. அவருக்கு என்ன வேணும்னு அவரவிட நமக்கு நல்லாத் தெரியும். இதப்பத்தி நான் புத்தகமே எழுதியிருக்கேன்."

"சாகறது, கொல்லப்படறது, காணாமப் போறது, விழுங்கப்படறது, கரையறது, எல்லாமே ஷரத்துல அடங்கும்," என்று திருமதி கில்க்ரிஸ்ட் படித்தார்.

"வயசாகி இயற்கையா?"

"படம் முடிஞ்ச பிறகுன்னா ஆட்சேபணை இல்ல."

லின்வுட் சற்று யோசித்தார். "நிஜமாவே செத்துட்டா?"

திருமதி கில்க்ரிஸ்ட் பக்கங்களைப் புரட்டினார். "அதப்பத்தி ஒண்ணும் சொல்லல. ஆனா எங்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தினா உதவியா இருக்கும்."

மனு நிராகரிக்கப்பட்டது. ஸ்டாக்டன் லின்வுட்டை வாசல் வரை வந்து வழியனுப்பி, சாலையைக் கடக்கும்போது ஜாக்கிரதை என்றார்.

லின்வுட் காரில் உட்கார்ந்து டெனீசைக் கூப்பிட்டார். வேற யாரையாவது போட்டுக்கோம்மா, நான் இனி ஏழு வருஷம் உசிரோட இருக்கணுமாம் என்றார். அவர் கோபப்பட்டு இத்தனை மாதமாக யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் காரில் ஏறியபோது கதவைச் சாத்திய சத்தத்தில் காவலாளி வெளியே வந்து பார்த்தார்.

மறுமுனையில் டெனீஸ் ஷரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "மிஸ்டர் லின், சாகத்தான கூடாது?" என்றாள்.

"ஆமாம்மா."

"படம் ஆரம்பிக்கறப்பவே செத்திருந்தா?"

லின்வுட் அப்படியே காரை விட்டு இறங்கி மறுபடியும் மேலே போனார். திருமதி கில்க்ரிஸ்ட் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கைப்பையைக் கீழே வைத்தார். வேலையில் கறாரான பெண்மணி. ஷரத்தை மூன்று முறை படித்தார். சாவது ஒரு செயல், செத்திருப்பது ஒரு நிலை, ஒப்பந்தம் செயலைத்தான் தடுக்கிறது, நிலையைப் பற்றி அது மௌனமாக இருக்கிறது என்றார். ஸ்டாக்டனையும் கூப்பிட்டுச் சொன்னார். ஸ்டாக்டன் முகம் மலர்ந்துவிட்டது.

"பேயா நடிக்கிறீங்களா? பேய்க்கு ஒண்ணும் ஆகாதே. இதவிடப் பாதுகாப்பான வேஷம் இருக்கா?" என்றார். அந்த ஆண்டின் அறிக்கையில் குழுவின் சாதனைகளில் ஒன்றாக அதையும் சேர்த்துக்கொண்டார்.

மேக்கனில் முதல் நாள். டெனீசின் சித்தி வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. செத்துப்போன சாலமன் தன் சமையலறைக்குள் வருகிறார், அங்கே நெடுஞ்சாலைத் துறையின் ஆட்கள் அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். லின்வுட் வாசற்படியில் நின்றார். காமிரா ஓடியது. அவர் அப்படியே நின்றார்.

"என்ன மிஸ்டர் லின்?"

"முகத்த எப்படி வெச்சுக்கணும்னு சொல்லும்மா."

"உங்க முகம். நான் என்னத்தச் சொல்றது?"

லின்வுட் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. உள்ளே வந்தார், அளவுநாடா பிடித்திருந்தவனின் காதருகே குனிந்தார், கண்ணை உருட்டினார், முட்டியை நடுங்கவைத்தார், பல்லைக் கிட்டவைத்து, பேயைப் பார்த்தால் அவன் எப்படி நடுங்குவான் என்று நடுங்கிக் காட்டினார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். நடித்துக்கொண்டிருந்த இளைஞன் அளவுநாடாவை நிஜமாகவே கீழே போட்டுவிட்டான். அடுத்த காட்சியில் அவர் பயந்தார். சாலமனின் மனைவியுடைய பழைய கவுன் ஒன்று அலமாரியில் தொங்குவதைப் பார்த்த காட்சியில் அழுதார். டெனீஸ் கட் சொன்ன பிறகும் கொஞ்சம் அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அந்தப் படத்துக்குப் பெரிய தியேட்டர்கள் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து, வறுத்த கோழியும் பீச் பழப் பணியாரமும் சாப்பிட்டபின் இங்கிள்வுட் சர்ச்சின் கீழ்த்தளத்தில் திரைச்சீலை கட்டிப் போட்டார்கள். லின்வுட்டும் அர்னெட்டாவும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார்கள். சாலமன் சமையலறைக்குள் வந்ததிலிருந்து சபையார் சும்மா இருக்கவில்லை. அளவெடுக்க வந்தவர்களைத் திட்டினார்கள், சாலமன் அவர்களை விரட்டியபோது தொடையில் தட்டிச் சிரித்தார்கள், அவர் கவுனைத் தொட்டபோது அங்கங்கே மூக்கு உறிஞ்சினார்கள். கடைசியில் நெடுஞ்சாலைத் துறை ஒரு பாதிரியாரைக் கூட்டி வந்தது. பாதிரியார் சமையலறை நடுவில் நின்று சிலுவையை நீட்டி, இந்த வீட்டைவிட்டுப் போய்விடு என்று சாலமனுக்குக் கட்டளையிட்டார். சாலமன் கதவைப் பார்த்தார்.

கீழ்த்தளத்தில் சத்தம் அடங்கிவிட்டது. பின்வரிசையில் இருந்து சிஸ்டர் ஓடெல், ஞாயிறுதோறும் வாசலில் நின்று எல்லோருக்கும் விசிறி கொடுக்கிறவள், எழுந்து நின்று சாதாரணக் குரலில் சொன்னாள்:

"எங்கேயும் போகாத, பிரதர் டென்னார்ட். அது உன் வீடு. உக்காரு."

திரையில் சாலமன் மேஜையடியிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படித்தான்," என்றார் யாரோ. "நல்லா உக்காரு," என்றார் இன்னொருவர். அர்னெட்டா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்தில் கையை நீட்டித் துழாவினாள். லின்வுட் தன் கையைக் கொடுத்துவிட்டு, அவர்கள் சொன்னபடியே, மடக்கு நாற்காலியில் முதுகைச் சாய்த்து நன்றாக உட்கார்ந்தார்.